கப்பலுக்கு எச்சரிக்கை வந்தும் திரையில் தெரியாதது ஏன்? ரேடியோவையும் நேவிகேஷனையும் இணைக்கும் பொது விதிகள்: எளிய விளக்கம்

நடுக்கடலில் போகும் கப்பலுக்கு ரேடியோவில் எச்சரிக்கை வந்துவிடுகிறது. ஆனால் கப்பலை ஓட்டும் அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும் வரைபடத் திரையில் அது தெரிவதில்லை. செய்தி ஒரு பெட்டியில், வரைபடம் இன்னொரு பெட்டியில். இரண்டையும் இணைக்கும் வேலையைப் பல கப்பல்களில் இன்றைக்கும் ஒரு மனிதரின் கைதான் செய்கிறது.

இந்த இடைவெளியை மூடுவதற்காக ஐ.நா.வின் சர்வதேச கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ, கடந்த சில ஆண்டுகளில் அடுத்தடுத்து விதிகளைக் கொண்டுவந்திருக்கிறது. ரேடியோவும் நேவிகேஷன் கருவிகளும் எந்த கம்பெனி தயாரிப்பாக இருந்தாலும் ஒரே மொழியில் பேச வேண்டும், ஒரே மாதிரி திரையில் காட்ட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இதனால் என்ன மாறும்? தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும், கடலே கண்ணில் படாத பரளச்சி போன்ற ஊர்களுக்கும் இதில் என்ன இருக்கு? பார்க்கலாம்.

கப்பலின் பிரிட்ஜில் என்னென்ன இருக்கு?

கப்பலை இயக்கும் அறைக்கு பிரிட்ஜ் என்று பெயர். அங்கே ராடார் இருக்கும். மின்னணு வரைபடத் திரையான எக்டிஸ் இருக்கும். சுற்றியுள்ள கப்பல்களின் பெயரையும் வேகத்தையும் காட்டும் ஏஐஎஸ் இருக்கும். இவற்றோடு ஜிபிஎஸ், திசைகாட்டி, ஆழமானி, ஆட்டோ பைலட். இவற்றின் தகவல்களை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் அமைப்புதான் ஐஎன்எஸ், அதாவது ஒருங்கிணைந்த நேவிகேஷன் சிஸ்டம்.

இன்னொரு பக்கம் ரேடியோ கருவிகள். பக்கத்துக் கப்பலோடும் துறைமுகத்தோடும் பேச விஎச்எஃப். தொலைதூரத்துக்கு எம்எஃப், எச்எஃப். நடுக்கடலுக்கு சாட்டிலைட் போன். வானிலை, ஆபத்து எச்சரிக்கைகளை எழுத்தாகத் தரும் நேவ்டெக்ஸ். இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் ஜிஎம்டிஎஸ்எஸ் என்று பெயர். ஆபத்து நேரத்தில் உதவி கேட்பதற்கான உலகளாவிய முறை இது.

இந்த இரண்டு கூட்டமும் தனித்தனியாக வளர்ந்தவை. தயாரித்த கம்பெனிகள் வேறு, பட்டன்கள் வேறு, மெனுக்கள் வேறு. பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்குது.

ரேடியோ ஆபீசர் எங்கே போனார்?

1912ல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, கப்பலில் ரேடியோவை எந்நேரமும் ஒருவர் கவனிக்க வேண்டும் என்ற விதி வலுப்பெற்றது. அப்புறம் பல பத்தாண்டுகளுக்கு மோர்ஸ் தெரிந்த ரேடியோ ஆபீசர் என்று தனியாக ஒருவர் கப்பலில் இருந்தார். வரும் செய்தியைக் கேட்பார், எழுதுவார், முக்கியமானதைப் பிரித்து கேப்டனிடம் கொடுப்பார்.

1999 பிப்ரவரி 1ஆம் தேதி ஜிஎம்டிஎஸ்எஸ் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கருவிகளே தானாகச் செய்தியைப் பிடிக்கும் என்பதால் பெரும்பாலான கப்பல்களில் ரேடியோ ஆபீசர் பதவி இல்லாமல் போனது. அவர் பார்த்த வேலை, ஏற்கனவே கப்பலை ஓட்டிக்கொண்டிருக்கும் நேவிகேஷன் அதிகாரியின் தலையில் வந்து விழுந்தது.

ஆள் போய்விட்டார், ஆனால் அவர் செய்துவந்த 'பிரித்துக் கொடுக்கும்' வேலையை எந்தக் கருவியும் முழுசா எடுத்துக்கொள்ளவில்லை. அதிகாரி எதிரே வரும் கப்பலையும் பார்க்க வேண்டும், பின்னால் பீப் அடிக்கும் ரேடியோவையும் பார்க்க வேண்டும். அதனால்தான் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு, உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிறது.

4 மணி நேரம் என்றால் 89 கிலோமீட்டர்

ஒரு உதாரணம். கப்பல் ஆபத்தில் சிக்கினால், விஎச்எஃப் கருவியில் மூடி போட்ட சிவப்பு பட்டனை அழுத்த வேண்டும். உடனே சேனல் 70 வழியாக ஒரு டிஜிட்டல் அபாயச் செய்தி போகும். அதில் கப்பலின் 9 இலக்க அடையாள எண்ணும், அது இருக்கும் இடமும் இருக்கும்.

அந்த இடம் ரேடியோவுக்கு எப்படித் தெரியும்? ஜிபிஎஸ்ஸிலிருந்து வயர் வழியாக வர வேண்டும். அந்த இணைப்பு இல்லை, அல்லது அறுந்துவிட்டது என்றால் அதிகாரி கையால் டைப் செய்ய வேண்டும். கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதிகபட்சம 4 மணி நேரத்துக்கு ஒருமுறை இதைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது சோலாஸ் எனப்படும் கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை.

12 நாட் வேகத்தில் போகும் கப்பல் 4 மணி நேரத்தில் 48 கடல் மைல், அதாவது கிட்டத்தட்ட 89 கிலோமீட்டர் போய்விடும். பரளச்சியில் நடந்த விபத்துக்கு ஆம்புலன்ஸ் மதுரையைத் தாண்டிப் போய்த் தேடுவது மாதிரி. கடலில் அடையாளத்துக்குப் புளியமரமோ கண்மாய்க்கரையோ கிடையாது. தவறான இடத்தில் தேடுவது என்றால் பல நேரங்களில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்றுதான் அர்த்தம்.

முட்டத்திலிருந்து வரும் எச்சரிக்கை

இந்தியப் பெருங்கடலின் பெரும்பகுதி நேவ்ஏரியா 8 என்ற எச்சரிக்கை மண்டலத்தில் வருகிறது. இதற்குப் பொறுப்பு இந்தியா. எச்சரிக்கைகளை ஒருங்கிணைப்பது இந்தியக் கடற்படையின் நீரியல் அலுவலகம். அது இருப்பது கடலே இல்லாத டேராடூனில்!

கரையோர எச்சரிக்கைகள் நேவ்டெக்ஸ் நிலையங்கள் மூலம் 518 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகின்றன. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்திலும், கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையிலும் இதற்கான நிலையங்கள் உண்டு. புயல் எச்சரிக்கை, எரியாத கலங்கரை விளக்கம், மிதந்து திரியும் கண்டெய்னர், கடற்படைப் பயிற்சி எல்லாம் இதில் வரும்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும்போதும் இதுதான் நடக்கும். பாகங்கள் விழக்கூடிய கடல் பகுதியின் நான்கு மூலைகளும் டிகிரி, நிமிடக் கணக்கில் கப்பல்களுக்கு அனுப்பப்படும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து ராக்கெட்டுகள் கிளம்ப ஆரம்பித்தால், தென்கடலில் போகும் கப்பல்களுக்கு இந்த மாதிரி எச்சரிக்கைகள் இன்னும் அதிகமாகும்.

சரி, எச்சரிக்கை வந்துவிட்டது. அடுத்து என்ன? பல கப்பல்களில் அது சின்னத் திரையிலோ காகிதச் சுருளிலோ வெறும் எழுத்தாக வரும். அதிகாரி அதைப் படித்து, ஒவ்வொரு எண்ணாக எக்டிஸில் ஏற்ற வேண்டும். இரவு 2 மணி, தூக்கக் கலக்கம். அட்சரேகையில் 8 டிகிரிக்குப் பதில் 9 டிகிரி என்று அடித்தால் ஆபத்துப் பகுதி 60 கடல் மைல், அதாவது 111 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

நேவ்டெக்ஸ் கருவியில் மற்ற கருவிகளோடு இணைக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்று ஐஎம்ஓ 2003லேயே சொல்லிவிட்டது. ஆனால் துளை இருப்பது வேறு, வயர் மாட்டியிருப்பது வேறு. மாட்டினாலும் வருவது சாதாரண ஆங்கில வாக்கியம். அதிலிருந்து இடத்தைப் பிரித்தெடுத்து வரைபடத்தில் சரியாகப் போடுவது கணினிக்கு எளிதல்ல.

ரேடியோ கூப்பிட்டது, திரை வேறு சொன்னது

கருவிகள் ஒன்றையொன்று சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுக்கப் பாடமாகச் சொல்லப்படும் விபத்து ஒன்று இருக்கிறது. 1995 ஜூனில் பெர்முடாவிலிருந்து அமெரிக்காவின் பாஸ்டனுக்குக் கிளம்பிய ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல் அது. கப்பலில் 1,509 பேர்.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஜிபிஎஸ் ஆன்டெனா வயர் கழன்றுவிட்டது. ஜிபிஎஸ் கருவி உடனே உத்தேசக் கணக்குக்கு மாறியது. 'இது சாட்டிலைட் கணக்கு இல்லை' என்பதைச் சின்ன எழுத்தில் காட்டவும் செய்தது. ஒருங்கிணைந்த நேவிகேஷன் சிஸ்டத்துக்கு அனுப்பிய தகவலிலும் அதற்கான குறி இருந்தது. ஆனால் வாங்கிக்கொண்ட சிஸ்டம் அந்தக் குறியைக் கவனிக்கும்படி வடிவமைக்கப்படவில்லை. உத்தேசக் கணக்கையே உண்மையான இடம் என்று நம்பி ஆட்டோ பைலட் கப்பலை ஓட்டியது.

சுமார் 34 மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. ஜூன் 10ஆம் தேதி இரவு நான்டக்கெட் தீவுக்கு அருகே மணல்திட்டில் கப்பல் தரைதட்டியபோது, அது போக வேண்டிய பாதையிலிருந்து 17 மைல் விலகியிருந்தது. அதற்கு முன்பே அங்கிருந்த மீன்பிடிப் படகுகள் விஎச்எஃப் ரேடியோவில் கூப்பிட்டு எச்சரிக்கப் பார்த்தன. கப்பலிலிருந்து பதில் இல்லை. நல்லவேளையாக உயிரிழப்பு ஏற்படவில்லை.

இந்த விபத்தில் எந்தக் கருவியும் பொய் சொல்லவில்லை. ஒன்று சொன்னது இன்னொன்றுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

புதிய விதிகள் என்ன சொல்கின்றன?

கூகுள் பே, போன்பே என்று எந்த ஆப் வைத்திருந்தாலும் டீக்கடையில் ஒட்டியிருக்கும் ஒரே கியூஆர் கோடில் பணம் கட்ட முடிகிறது. யுபிஐ என்ற பொது விதி பின்னால் இருப்பதால்தான் அது நடக்கிறது. கப்பலில் கொண்டுவர நினைப்பதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். அதில் நான்கு அடுக்குகள் இருக்கின்றன.

முதலாவது, கருவிகள் தங்களுக்குள் பேசும் மொழி. அமெரிக்காவில் 1983ல் உருவான என்எம்இஏ 0183 என்ற முறைதான் இதற்கு அடிப்படை. டாலர் குறியில் தொடங்கும் ஒரு வரியில் இடம், வேகம், திசை எல்லாம் குறிப்பிட்ட வரிசையில் வரும். 'இந்தத் தகவலை நம்பலாமா, கூடாதா' என்ற குறியும் சேர்ந்தே வரும். இதையே ஐஇசி 61162 என்ற சர்வதேசத் தரமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வேகமான கணினி நெட்வொர்க்குக்கும் இதில் தனிப் பகுதி உண்டு.

இரண்டாவது, ரேடியோவில் வந்ததை வரைபடத்தில் காட்டுவது. ஐஎன்எஸ் எப்படி இருக்க வேண்டும் என்று 2007ல் ஐஎம்ஓ விதி போட்டது. 2018 மே மாதம் லண்டனில் நடந்த கூட்டத்தில் அதைத் திருத்தி, தகவல்தொடர்புக் கருவிகள் மூலம் வரும் செய்திகளை ஐஎன்எஸ் திரையில் சீராகக் காட்டுவதற்கான பகுதியைச் சேர்த்தது.

மூன்றாவது, ரேடியோக்களை ஒரே இடத்திலிருந்து இயக்குவது. 2022 ஏப்ரலில் ஒருங்கிணைந்த தகவல்தொடர்பு சிஸ்டத்துக்கான தரங்கள் ஏற்கப்பட்டன. அதே கூட்டத்தில் ஏற்கப்பட்ட புதுப்பிக்கப்பட்ட ஜிஎம்டிஎஸ்எஸ் விதிகள் 2024 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கின்றன.

நான்காவது, மனிதர் பார்க்கும் திரை. எஸ்-மோடு என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் வழிகாட்டுதல் 2019ல் வந்தது. எந்த கம்பெனி கருவியாக இருந்தாலும் முக்கியமான குறிகளும் சொற்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். புதிய கப்பலில் ஏறும் அதிகாரி மெனுவைத் தேடித் தடுமாறக் கூடாது. இதையொட்டிய குறிகளுக்கான விதி, 2024 ஜனவரி 1 முதல் புதிதாகப் பொருத்தப்படும் ராடார், எக்டிஸ், ஐஎன்எஸ் திரைகளுக்குப் பொருந்தும்.

இந்த நான்கோடு எஸ்-100 என்ற புதிய வரைபடத் தரமும் சேர்கிறது. அதில் எஸ்-124 என்ற பிரிவு கடல் எச்சரிக்கைகளுக்கானது. எச்சரிக்கை கணினிக்குப் புரியும் வடிவத்திலேயே வந்து வரைபடத்தில் தானாக விழும். யாரும் டைப் செய்ய வேண்டாம். 2026 ஜனவரி 1 முதல் எஸ்-100 எக்டிஸைக் கப்பல்கள் பயன்படுத்தலாம். 2029 ஜனவரி 1 முதல் புதிதாகப் பொருத்தும் எக்டிஸ் இந்த முறையில்தான் இருக்க வேண்டும்.

இது நடக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஏஐஎஸ் ஒரு நல்ல உதாரணம். ஆரம்பத்தில் பல கப்பல்களில் அது சில வரிகள் மட்டும் தெரியும் ஒரு சின்னப் பெட்டி. பெயரைப் படித்துவிட்டு ராடாரில் எந்தப் புள்ளி அது என்று தேட வேண்டியிருந்தது. 2008 ஜூலைக்குப் பிறகு பொருத்தப்படும் ராடார்களில் ஏஐஎஸ் தகவலும் தெரிய வேண்டும் என்று விதி வந்தது. இன்றைக்கு ராடார் புள்ளிக்குப் பக்கத்திலேயே கப்பலின் பெயர் தெரிகிறது.

அப்போ எல்லாம் சரியாகிவிடுமா?

உடனே ஆகாது. காரணங்கள் மூன்று.

ஒன்று, ஐஎன்எஸ்ஸோ ஒருங்கிணைந்த ரேடியோ சிஸ்டமோ எல்லாக் கப்பலிலும் இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வைத்தால் இப்படி இருக்க வேண்டும் என்பதுதான் விதி. கப்பல்கள் 20, 25 ஆண்டுகள் ஓடும். பழைய கப்பலில் பழைய பெட்டிகள் நீண்ட நாள் இருக்கும்.

இரண்டு, எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்தால், ஒரு வழியாக உள்ளே நுழையும் வைரஸ் எல்லாவற்றையும் தொடலாம். சாட்டிலைட் இணைய வசதியுள்ள ரேடியோ பக்கம்தான் கப்பலின் வெளிவாசல். அந்த வாசலை நேரடியாகச் சுக்கானோடு இணைத்துவிடக் கூடாது. இதற்காகவே ஐஇசி 61162 தரத்தில் 460 என்ற பாதுகாப்புப் பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறது. எதை எதோடு இணைக்கலாம், நடுவில் என்ன காவல் வேண்டும் என்று அது சொல்கிறது.

மூன்று, தவறான தகவல் ஒரே நேரத்தில் எல்லாத் திரைக்கும் போகும் ஆபத்து. ஜிபிஎஸ் சிக்னலை யாராவது குழப்பினால் வரைபடம், ஏஐஎஸ், அபாயச் செய்தி மூன்றும் சேர்ந்து தவறாகும். அதனால் இணைப்பு எவ்வளவு முக்கியமோ, 'இந்தத் தகவலை நம்பாதே' என்று சொல்லும் குறியும் அவ்வளவு முக்கியம். ராயல் மெஜஸ்டி கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

மீன்பிடிப் படகுகளுக்கு இது வருமா?

தமிழ்நாட்டுக்கு முக்கியமான கேள்வி இதுதான். மேலே சொன்ன விதிகள் பெரும்பாலும் பெரிய வணிகக் கப்பல்களுக்கானவை. விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் இவை பொருந்தாது.

2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். படகிலிருந்த விஎச்எஃப் அவ்வளவு தூரம் எட்டாது. செல்போன் டவர் அதைவிடக் குறைவு.

அதன் பிறகு 2019ல் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. சாட்டிலைட் மூலம் வரும் புயல் எச்சரிக்கையை அது ப்ளூடூத் வழியாகச் செல்போனுக்கு அனுப்பும். ஆனால் படகிலிருந்து திருப்பிச் செய்தி அனுப்ப முடியாது. 2024 ஆகஸ்ட் 30ஆம் தேதி, 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் இருவழித் தொடர்புள்ள டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் 364 கோடி ரூபாய் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான இதைச் செல்போனில் நப்மித்ரா என்ற ஆப் மூலம் பயன்படுத்தலாம்.

இவை பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் பெரிய கப்பலில் நடந்த அதே கதை படகிலும் திரும்பி வரும் அபாயம் இருக்கு. ஜிபிஎஸ்ஸுக்கு ஒரு திரை, மீன் காட்டும் எக்கோ சவுண்டருக்கு ஒரு திரை, விஎச்எஃப் தனி, டிரான்ஸ்பாண்டர் தனி, அதற்கு ஒரு ஆப். வலை இழுக்கும் நேரத்தில் இத்தனையையும் யார் பார்ப்பது? எச்சரிக்கை வந்ததும் டிரைவர் எப்போதும் பார்க்கும் திரையிலேயே, தமிழில், படகு எங்கே, புயல் எங்கே என்று தெரிந்தால்தான் அது முழுப் பயன் தரும். கருவிகளைக் கொடுப்பது முதல் படி. அவற்றை ஒன்றோடொன்று பேச வைக்கும் பொதுத் தரம் அடுத்த படி.

பரளச்சிக்கு இதில் என்ன?

திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் வேலை தேடி வெளியூர், வெளிநாடு என்று கிளம்ப வேண்டிய நிலம். இங்கிருந்து கப்பல் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள் நேரடியாகப் பயன்படும்.

கப்பலில் நேவிகேஷன் அதிகாரியாக ரேடியோவைக் கையாள ஜிஎம்டிஎஸ்எஸ் ஆபரேட்டர் சான்றிதழ் வேண்டும். எக்டிஸ் பயிற்சியும் வேண்டும். இந்த இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படித்தாலும், வேலையில் இரண்டும் ஒரே மேசைக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கு. கப்பல்களில் எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர் என்ற பதவி இருக்கிறது. இந்தக் கருவிகளை இணைப்பதும், பழுது பார்ப்பதும், நெட்வொர்க்கைப் பாதுகாப்பதும் அவர்கள் வேலை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் போன்ற அரசு நிறுவனங்களைப் பற்றி முதலில் விசாரிக்கலாம். தனியார் நிறுவனம் என்றால், அதற்கு மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

ஏற்கனவே கப்பலில் பிள்ளையை அனுப்பிவிட்டுப் போனுக்காகக் காத்திருக்கும் வீடுகளுக்கும் இதில் ஒரு அர்த்தம் உண்டு. அந்தக் கப்பல் அபாய பட்டனை அழுத்தும் நாள் வராமலே இருக்கட்டும். வந்தால், அந்தச் செய்தியில் இருக்கும் இடம் 4 மணி நேரத்துக்கு முந்தையதாக இல்லாமல், அந்த நிமிடத்து இடமாக இருக்க வேண்டும். இத்தனை விதிகளும் கேட்பது அதைத்தான்.

கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா உதவி எண்: 1554. ரேடியோவில் என்றால் விஎச்எஃப் சேனல் 16.